தானாச் சுகமாகிட்டான்

மாசி மாதத்துக் காலையொன்று. மழை ஓய்ந்து, கல்குடா மணல் மேலே காய்ந்தும் கீழே ஈரமாகவும் கிடந்த நாள். என் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கடலுக்குப் போகும் மனிதர் ஒருவர், சாரத்தில் சுற்றிய நாயைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு இறங்கினார். சாரத்தின் ஒரு முனை சிவப்பாக ஊறிப்போயிருந்தது.

“சேர், ஆரோ கல்லால எறிஞ்சிட்டானுகள். விடியச்சாமத்துல இருந்து மூக்கால ரெத்தம் நிக்குதில்ல.”

நாயின் பெயர் ஜிம்மி. ஆறு வயது. மேசையில் கிடத்தி மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு, கழுவிய கணவாய்ச் சதை போல வெளுத்திருந்தது. வயிற்றில் மயிர் குறைந்த இடத்தில் ஊசியால் குத்தியது போல் செம்புள்ளிகள். தலையிலோ மூக்கிலோ அடிபட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. கல் எறிந்தவர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

“இவனுக்கு எப்பவாவது உண்ணி நிறைய ஏறினதா?” என்று கேட்டேன்.

“போன வருசத்துக்கு முந்தின வருசம் ஏறினது சேர். காது ரெண்டும் உண்ணி. ரெண்டு மூணு நாள் சோறு தின்னாமப் படுத்துக் கிடந்தான். மறுகா தானாச் சுகமாகிட்டான்.”

இந்தத் தொழிலில் நான் மிகவும் பயப்படும் வார்த்தை அதுதான். தானாச் சுகமாகிட்டான். அன்று ஜிம்மிக்குச் சுகமாகவில்லை. நோய் வெளியே காட்டாமல் உள்ளே இறங்கியது. இரண்டு வருடம் அவன் குரைத்தான், வலைக்குக் காவல் கிடந்தான், தோணி கரைக்கு வரும்போது ஓடிப்போய் வரவேற்றான். அவ்வளவு காலமும் அவனுடைய எலும்பு மச்சை கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. மெல்லிய குழாயில் இரத்தத்தைச் சுழற்றிப் பார்த்தபோது செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 14. நலமான நாய்க்கு 37-க்கு மேல் இருக்க வேண்டும். செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். மூன்றாம் நாள் இரவு ஜிம்மி போய்விட்டான்.

அடுத்த வாரம் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் இந்தப் பக்கத்துப் பிள்ளை. ஸ்காபரோவில் குடும்பமாக இருக்கிறார். ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக் காட்டில் நடக்கக் கூட்டிப்போன தன் நாய்க்கு லைம் நோய் வந்து நொண்டியதாம். “ஊரில அப்பாட நாய்க்கும் உண்ணி இருக்கு டொக்டர். லைம் தடுப்பூசி போடலாமா? இஞ்சயிருந்து அனுப்பவா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று தொலைபேசியில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். ஜிம்மியின் முகம் மனதை விட்டு அகலாத வாரம் அது. அதனால் முழுப் பதிலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

லைம் நோய்க்கு அந்தப் பெயர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்ற ஊரால் வந்தது. 1975 வாக்கில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டுகள் வீங்கின. இது தற்செயல் அல்ல என்று தாய்மார் விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சி தொடங்கியது. உண்ணிக்குள் இருந்த சுருள் வடிவப் பற்றீரியாவை வில்லி பர்க்டோர்ஃபர் கண்டுபிடித்து, 1982-இல் அந்தச் செய்தி வெளியானது. அதனால்தான் அந்தக் கிருமிக்கு அவருடைய பெயர். பரப்புவது கருங்கால் உண்ணி. மான்களும் எலிகளும் உள்ள குளிர்நாட்டுக் காடுகளில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழ்வது. நம் மணலும் வெயிலும் அதற்கு வீடல்ல. ஆகவே கல்குடாவில் அப்பாவின் நாய்க்கு லைம் தடுப்பூசி தேவையில்லை.

மனம் ஆறுவதற்கு இது போதாது. நம்மிடம் வேறோர் உண்ணி இருக்கிறது. அது வேறு நோய்களைச் சுமக்கிறது. ஒரு விடயத்தில் நம் உண்ணி லைம் உண்ணியை விடக் கொடியது. லைம் கிருமி உண்ணியிலிருந்து நாய்க்குள் இறங்க, உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்தபடி இருக்க வேண்டும். மாலையில் தேடிப் பிடுங்கினால் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஊரின் உண்ணிக் காய்ச்சலில் பெரியதான எர்லிக்கியா, உண்ணி கடித்த மூன்று மணித்தியாலத்துக்குள்ளேயே இறங்கிவிடக் கூடும். லைமுக்கு நாய்த் தடுப்பூசி உண்டு, எர்லிக்கியாவுக்கு இன்னும் இல்லை. ஸ்காபரோ நாய்க்கும் கல்குடா நாய்க்கும் கொடுக்கும் மாத்திரை மட்டும் ஒன்றுதான். டொக்சிசைக்கிளின்.

நம் உண்ணி நாயின் பழுப்பு உண்ணி. பட்டி மாட்டில் ஏறும் உண்ணிதான் நாய்க்கும் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வாழைச்சேனை, கிரான் பக்கத்து மாட்டுக்காரர்கள் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். மாட்டு உண்ணி வேறு இனம். அது குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து முடிக்கும். பழுப்பு உண்ணி தன் மூன்று பருவத்திலும் நாயையே தேடும். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை குடித்து, கீழே விழுந்து, தோல் கழற்றி, மறுபடி நாயில் ஏறும். நாய் படுக்கும் இடம்தான் அதன் ஊர்.

என் மேசை இழுப்பறையில் பழைய பெனிசிலின் போத்தல் ஒன்று இருக்கிறது. நாயின் காதிலிருந்து எடுத்த, குடித்துக் கொழுத்த பெண் உண்ணியை அதில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வைப்பேன். எடுத்த அன்று அது ஆமணக்கு விதை போல இருக்கும், சாம்பல் நிறமும் மினுக்கமும். சில நாள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலை, அதன் முகத்துக்கு முன்னால் கபிலநிற மணிகள் குவியத் தொடங்கியிருக்கும். நாளுக்கு நாள் குவியல் பெரிதாகி, உண்ணி சுருங்கும். இரண்டு மூன்று வாரத்தில் தாய் காய்ந்த தோலாகிவிடும். ஒரே உண்ணி நாலாயிரம் முட்டை வரை இடும். இன்னும் சில வாரத்தில் போத்தலின் கண்ணாடியில் தூசி நகர்வது போலத் தெரியும். ஆறு கால் குஞ்சுகள். எல்லாம் மேல்நோக்கி ஏறும்.

நாயைக் கொண்டுவருபவர்களின் கையில் அந்தப் போத்தலைக் கொடுத்துவிடுவேன். விரிவுரை செய்ததை விட அது நன்றாகப் பேசியிருக்கிறது. “இது எங்கட வீட்டுச் சுவருக்குள்ளயும் இருக்கா?” என்று ஓர் அம்மா கேட்டார். ஓம், அங்கேதான் இருக்கிறது. குடித்த உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவரில் ஏறுகிறது. சாந்து பெயர்ந்த வெடிப்பு, கூரையின் கைமரம், கிடுகு வேலியின் மடிப்பு, சாமிப் படத்தின் பின்பக்கம் என்று இடம் பிடித்துக்கொள்கிறது. குடிக்காமல் பல மாதம் காத்திருக்கும். நாயை மட்டும் கழுவிவிட்டு உண்ணி ஒழிந்தது என்று இருப்பது, தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துவிட்டு ஓட்டையை அடைக்காமல் விடுவது போல.

இன்னொன்றும் உண்டு. எர்லிக்கியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போவதில்லை. போத்தலில் பொரித்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளும் அந்தக் கிருமி இல்லாமல்தான் பிறக்கின்றன. அப்படியானால் உண்ணிக்குக் கிருமி எங்கிருந்து வருகிறது? நோயுள்ள நாயிடமிருந்து. குஞ்சுப் பருவத்தில் அந்த நாயில் குடித்து, வளர்ந்த பருவத்தில் இன்னொரு நாய்க்குக் கொடுக்கிறது. இறங்கிய பிறகும் ஐந்து மாதம் வரை அந்த உண்ணியால் நோயைக் கொடுக்க முடியும். பார்த்தால் வருத்தமே தெரியாத, “தானாச் சுகமான” நாய்தான் வளவுக்கும் ஊருக்கும் கிருமியின் கிணறு. ஜிம்மி தன் உயிரை மட்டும் இழக்கவில்லை. அதே வளவில் அவனோடு படுத்த நாய்களையும் ஆபத்தில் விட்டுச் சென்றான்.

எர்லிக்கியாவை முதலில் விவரித்தவர்கள் அல்ஜீரியாவில் வேலை செய்த இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளான டொனாசியன், லெஸ்டொகார். ஆண்டு 1935. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது வியட்நாம் போரின்போது. காவலுக்கும் மோப்பத்துக்கும் கொண்டுவரப்பட்ட அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கால் இரத்தம் வடிந்து செத்தன. மிகச் சிறந்த உணவும் வைத்தியமும் கிடைத்த நாய்கள் அவை. உண்ணிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இன்னொரு நோய் பபேசியா. அது செங்குழியத்துக்குள் புகுந்து உடைக்கும் ஒட்டுண்ணி. இங்கே நாம் அதிகம் பார்க்கும் சிறு வகைக்குப் பபேசியா கிப்சோனி என்று பெயர். அது கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில் என்பது பலருக்குத் தெரியாது. 1910-இல் பற்றன் என்ற மருத்துவர், மதராசில் வெள்ளைக்காரர் வேட்டைக்கு வைத்திருந்த நாய்களின் இரத்தத்தில் அதைக் கண்டார். பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார். நூறு ஆண்டுக்கு மேலாக இது நம் நிலத்து நோய். உண்ணிக்கடியோடு, நாய்ச் சண்டையில் பட்ட கடியாலும் தாயிடமிருந்து குட்டிக்கும் இந்தக் கிப்சோனி போகக் கூடும். பாசிக்குடாக் கடற்கரையில் சண்டை பிடித்துக் காது கிழிந்து வரும் கடுவன் நாய்களில் இதை நான் எப்போதும் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, எப்படி அறிந்துகொள்வது?

எர்லிக்கியாவுக்கு மூன்று கட்டம். கிருமி இறங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில் முதற்கட்டம் தொடங்கும். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, கண்ணில் பீளை, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டுதல். சில நாய் நொண்டும். சிலதின் கண் நீலம் பாய்ந்து புகையும். இது இரண்டு முதல் நான்கு வாரம். பிறகு இரண்டாங்கட்டம். ஒன்றும் தெரியாது. நாய் தின்னும், ஓடும், குரைக்கும். மாதங்களோ வருடங்களோ இப்படியே போகும். சில நாயின் உடம்பு இந்தக் கட்டத்தில் கிருமியை வென்றுவிடும். மற்றவை மூன்றாங்கட்டத்துக்குப் போகும். எலும்பு மச்சை சோர்ந்து செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாம் விழும். மூக்கால் இரத்தம், வயிற்றில் செம்புள்ளி, கறுத்த மலம், வெளுத்த முரசு. ஜிம்மி வந்தது அந்தக் கட்டத்தில்.

டெங்கு வந்த பிறகு நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு இல்லை. அதே சிறுதட்டுத்தான். நாய்க்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் அது முதற்கட்டத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். “மனிசருக்கு டெங்கு மாதிரி, நாய்க்கு இது” என்று சொன்னால் யாருக்கும் விளங்கிவிடுகிறது. டெங்கு நுளம்புக்கு நாம் வளவைச் சுத்தம் செய்வது போலத்தான் இதற்கும் செய்ய வேண்டும் என்பதும் அதோடு விளங்குகிறது.

பபேசியாவில் படம் வேறு. காய்ச்சல் விட்டுவிட்டு வரும். முரசு வெளுக்கும், சில வேளை மஞ்சளும் ஏறும். மூத்திரம் பிளேன்ரீ நிறத்தில் போகும். மண்ணில் பெய்தால் நிறம் தெரியாது. ஐமிச்சம் என்றால் சீமெந்துத் தரையிலோ வெள்ளைத் துணியிலோ பெய்ய விட்டுப் பாருங்கள் என்று சொல்வேன்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் இரத்தப் பூச்சைப் பார்க்கும் நேரம். நாயின் காது நுனியில் மெல்லிய ஊசியால் ஒரு குத்து. வரும் முதல் துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பு. கை நடுங்கினால் கெட்டுவிடும். நாக்கு வடிவில் மெலிந்து முடிய வேண்டும். காயவிட்டு, சாயம் ஊற்றி, கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால், ஊதா நிலத்தில் இளஞ்சிவப்பு வட்டங்கள் ஆயிரம். அந்த வட்டமொன்றுக்குள் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத மோதிரம் தெரிந்தால் அது கிப்சோனி. எர்லிக்கியாவைப் பிடிப்பது கடினம். ஒரு வகை வெண்குழியத்துக்குள் நாவற்பழ நிறத்தில் திரண்ட சிறு கொத்தாக அபூர்வமாகத்தான் அகப்படும். காணவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று நான் சொல்வதில்லை. சிறுதட்டுக்களை எண்ணுவேன். இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லையென்றால், அந்த வெறுமையே எனக்குப் பதில். விரைவுச் சோதனைப் பட்டிகளும் இப்போது வருகின்றன. அவற்றில் ஒன்றில் எர்லிக்கியாவுக்குப் பக்கத்திலேயே லைமுக்கும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்காபரோப் பிள்ளையின் ஞாபகம் வரும்.

வைத்தியத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில், காய்ச்சலோடு வந்த ஒரு பெட்டை நாய்க்கு ஒரு கிழமைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாளே எழும்பித் தின்றது. வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. எட்டு மாதத்தில் அதே நாய் மூக்கால் இரத்தம் வடிய வந்தது. எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் 28 நாள் கொடுக்க வேண்டும். நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். நாய் மூன்றாம் நாளில் துள்ளும். மீதி 25 நாள் மாத்திரை, நாம் காணாத கிருமிக்கு. அந்த நாய் எனக்குக் கற்றுத் தந்த பிறகு, ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் மாதக் கலண்டரில் 28 கட்டத்தைப் பேனையால் வட்டமிட்டுக் கொடுக்கிறேன். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுக்கிறேன். பிள்ளைகள் ஒரு நாளையும் விடுவதில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வையுங்கள். நம் பகுதியில் எருமைத் தயிருக்குக் குறைவில்லை. நாய்க்கும் அது பிடிக்கும். அதனால் பலர் மாத்திரையைத் தயிரில் குழைத்துக் கொடுக்கிறார்கள். பாலும் தயிரும் இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தயிரை வேறு நேரத்தில் கொடுங்கள். மீன் துண்டுக்குள் மாத்திரையை ஒளியுங்கள், முள்ளை எடுத்துவிட்டு.

பபேசியாவுக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது. அதற்கு வேறு ஊசிகளும் மருந்துக் கூட்டுகளும் உண்டு. கிப்சோனி பிடிவாதக்காரன். நோய் தணிந்த பிறகும் உடம்பில் ஒட்டிக்கொண்டு, நாய் களைக்கும் காலத்தில் திரும்பி வரும். இந்த இரண்டு நோயும் ஒரே நாய்க்குச் சேர்ந்தே வரக்கூடும் என்பதால்தான் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள் என்று மன்றாடுகிறேன். இன்னொரு மன்றாட்டு: காய்ச்சல் என்று நாய்க்குப் பரசிட்டமோல் கொடுக்காதீர்கள். நோவுக்கு நாம் விழுங்கும் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். அவற்றில் சில, ஏற்கெனவே இரத்தம் கசியும் நாயின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடக் கூடும்.

உண்ணியை ஒழிக்க வீடுகளில் செய்வதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன். மண்ணெண்ணெய் பூசுகிறார்கள். மோட்டார் சைக்கிள் கழிவு ஒயில் பூசுகிறார்கள். நாய் நக்கி நக்கித் தோலும் வெந்து, வயிறும் கெட்டு வருகிறது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்மதிப்பில் கலந்து குளிப்பாட்டுகிறார்கள். அளவு கூடினால் நாய் மயங்கி, இதயத் துடிப்பு இறங்கும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை வலிப்பு வந்து செத்துவிடவும் கூடும். இந்த மருந்துகளில் பல மீனுக்கு நஞ்சு. மருந்து பூசிய நாயை ஆற்றில் குளிப்பாட்டுவதும், மிஞ்சிய கலவையைக் கான் வழியே ஊற்றுவதும், நாம் சோறு தின்னும் ஆற்றுக்கே செய்யும் துரோகம்.

தடுப்புக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. கழுத்துப் பின்புறத் தோலில் மாதம் ஒருமுறை விடும் துளி மருந்து, உண்ணியை விரட்டும் கழுத்துப் பட்டி, மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ விழுங்கும் மாத்திரை. மாத்திரை வேலை செய்ய உண்ணி முதலில் கடிக்க வேண்டும். பட்டி கடிக்கு முன்னரே பல உண்ணியை விலக்கும். எர்லிக்கியா சில மணி நேரத்தில் இறங்கும் என்பதால், உண்ணி அதிகமான வளவுக்கு நான் பட்டியையும் சேர்த்தே சொல்வேன். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் அதற்கு ஒத்துவராது.

எல்லா வீட்டாலும் இவற்றை வாங்க முடியாது. கடல் கொடுக்காத மாதங்களில் அரிசி வாங்கவே கணக்குப் பார்க்கும் வீடுகளில் நாயும் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு நான் சொல்வது காசில்லாத வைத்தியம். மாலையில் ஐந்து நிமிடம், கையால் நாயைப் படிப்பது.

நாயைப் பக்கத்தில் படுக்க வையுங்கள். கண்ணை விட விரல் நுனியை நம்புங்கள். காதின் உள்மடிப்பில் தொடங்குங்கள். பிறகு கழுத்துப் பட்டியின் கீழ், தாடைக்குக் கீழ், அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி. கடைசியில் நாலு பாதத்தின் விரல் இடுக்குகள். அங்கேதான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பயறு போல ஏதாவது தடுத்தால் மயிரை விலக்கிப் பாருங்கள். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுங்கள். நெருப்புக்குச்சி வைக்க வேண்டாம், எண்ணெய் விட வேண்டாம். எடுத்ததைச் சிரட்டையில் கரைத்த சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் குத்தி உடைக்காதீர்கள். கடித்த இடத்தையும் உங்கள் கையையும் கழுவுங்கள். பிறகு உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். இதை நாய் நலமாக இருக்கும்போது பழகியவருக்குத்தான், நலம் குறையும் நாளில் நிறம் மாறியது தெரியும்.

வாரம் ஒருமுறை வளவைப் பாருங்கள். நாய் படுக்கும் சாக்கை எரியுங்கள், அல்லது கொதிநீரில் போட்டு வெயிலில் காயப் போடுங்கள். சுவர் வெடிப்பைச் சாந்தால் அடைத்து மேலே சுண்ணாம்பு பூசுங்கள். வெடிப்புக்கு மருந்து அடிப்பதென்றால் வைத்தியரைக் கேட்டு அடியுங்கள். காயும்வரை பிள்ளைகளையும் கோழியையும் பூனையையும் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் அடியுங்கள். முதல்முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். வளவில் மூன்று நாய் இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் செய்யுங்கள்.

ஜிம்மி இறந்து பத்து நாளில் அந்த மனிதர் மறுபடி வந்தார். இந்த முறை ஓட்டோவில் அல்ல, நடந்து. கையில் கயிறு, கயிற்றின் முனையில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு செவலைப் பெட்டை. ஜிம்மியோடு ஒரே திண்ணையில் படுத்தவள்.

“இவளுக்கு ஒண்டும் இல்ல சேர். நல்லாத் தின்னுறாள். ஆனாலும் நீங்க பாக்கத்தான் வேணும்.”

என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் ஒன்று அந்த வாக்கியம். காய்ச்சல் இல்லை. முரசு சிவப்பு. ஆனால் பூச்சில் சிறுதட்டுக்கள் குறைவு, சோதனைப் பட்டியில் எர்லிக்கியாவுக்குக் கோடு. 28 நாள் மாத்திரை கொடுத்தோம். அவருடைய மகள் கலண்டரில் ஒவ்வொரு கட்டமாக வெட்டினாள். திண்ணைச் சுவரை அவர் தானே பூசிச் சுண்ணாம்பு அடித்தார். மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தபோது சிறுதட்டுக்கள் நிறைந்திருந்தன. மாலையில் வலை பொத்தி முடித்ததும் அதே விரல்களால் அவளுடைய காதையும் பாதத்தையும் தடவிப் பார்ப்பதாகச் சொன்னார். வலையில் ஒரு கண் அறுந்ததை இருட்டிலும் கண்டுபிடிக்கும் விரல்கள் அவை. உண்ணி தப்பாது.

ஸ்காபரோப் பிள்ளைக்கும் இதைத்தான் எழுதுகிறேன். மகளே, தடுப்பூசி அனுப்ப வேண்டாம். முடிந்தால் அப்பாவின் நாய்க்கு ஒரு கழுத்துப் பட்டிக்கும் ஓர் இரத்தச் சோதனைக்கும் காசு அனுப்புங்கள். அதை விட, அடுத்த முறை அப்பாவோடு வீடியோவில் பேசும்போது நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நாய்க்கும் அங்கே அப்படியே செய்யுங்கள்.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாய்க்கு எப்போதாவது உண்ணி ஏறி, இரண்டு நாள் தின்னாமல் கிடந்து, பிறகு தானாகச் சுகமாகியிருந்தால், அதை நல்ல செய்தி என்று எண்ணி மறந்துவிடாதீர்கள். அந்த நாய் இன்று நன்றாகத் தின்றாலும், இந்த வாரமே பக்கத்து மிருக வைத்தியரிடம் கூட்டிப்போய் ஒரு துளி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.